அம்மாவின் பதினொன்றரை மணி

அமெரிக்காவில் ஆண்டுக்கு இருமுறை, மார்ச்சிலும் நவம்பரிலும், கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றி வைக்கிறார்கள். நவம்பரில் மாற்றும்போது அதியமான்கோட்டையில் என் அம்மாவின் தூக்கத்தில் ஒரு மணி நேரம் குறைகிறது.

தம்பி நியூஜெர்சியில் இருக்கிறான். மதியச் சாப்பாட்டு இடைவேளையில், 1 மணிக்கு அழைப்பான். கோடையில் அது நமக்கு இரவு 10:30. நவம்பருக்குப் பிறகு 11:30. அப்பா இரண்டு நிமிடம் பேசிவிட்டுப் படுத்துவிடுவார். மீதிப் பேச்சு அம்மாவுடையது. விடியற்காலை 4:30 மணிக்கு எழுந்து வாசல் தெளிக்கிறவர், கண் சொக்கச் சொக்க உட்கார்ந்திருப்பார். “தூங்கிட்டியாம்மா?” என்று அவன் கேட்டால், “இல்ல சாமி, தூக்கமே வரல” என்பார்.

நேர வித்தியாசத்தைத் தீர்க்கரேகைக் கணக்காகவே படித்திருக்கிறோம். கிழக்கு 82.5 பாகையை வைத்து இந்திய நேரம் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முந்தியது. ஆனால் இரண்டு நாடுகள் பேசிக்கொள்ள வேண்டுமென்றால் யாராவது ஒருவர் தூக்கத்தை விட வேண்டும். சம்பாதிக்கிறவனின் வேலை நேரம் அசையாது, வீட்டிலிருப்பவளின் தூக்கம் அசையும் என்று பேசாமலே முடிவாகிவிடுகிறது. தேய்பிறை அஷ்டமி தோறும் காலபைரவருக்குப் பூசணி விளக்கேற்றக் கூட்டம் கூடும் ஊர் எங்களுடையது. காலத்துக்கே தெய்வம் உண்டு. அம்மாவின் நேரத்தைக் கேட்க ஆளில்லை.

பிரிவைப் பேசும் பாலைக்குத் தொல்காப்பியம் நண்பகலைப் பொழுதாகத் தந்தது. பிரிந்தவனுக்கும் காத்திருப்பவளுக்கும் ஒரே நண்பகல். கடல் கடக்கும் பயணத்தில் பெண் உடன்செல்லும் வழக்கமில்லை என்று சொல்வதும் அதே நூல்தான். இப்போது பெண் கடல் கடந்துவிட்டாள். என் தங்கை சான் ஹோசேயில் இருக்கிறாள்.

அவளுக்குக் குழந்தை பிறந்தபோது அம்மாவால் போக முடியவில்லை; அப்பாவுக்கு அறுவைச் சிகிச்சை ஆகியிருந்தது. அங்கே இரவு 1 மணிக்குக் குழந்தை அழும். காலையில் வேலைக்குப் போக வேண்டிய கணவர் அடுத்த அறையில் தூங்குவார். அந்நேரம் இங்கே பகல் 1:30. அவளுக்கு யாமம், அம்மாவுக்கு நண்பகல். பாத்திரம் கழுவிவிட்டு அம்மா கூடத்தில் உட்காரும் நேரம் அது. போனைக் காதோடு இடுக்கிக்கொண்டு ராகி புடைத்தபடி பேசுவார். “பால் கட்டிக்கிச்சா? வெந்நியில துணி நனைச்சு ஒத்தடம் குடு.” குழந்தையைக் கட்டிலில் விட்டுவிட்டுக் கதவைத் திறந்து எங்காவது நடந்து போய்விடலாம் என்று தோன்றிய இரவுகள் அவை என்று தங்கை பிறகு சொன்னாள். ஊரே தூங்கும்போது அம்மா விழித்திருந்தது அந்தப் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசத்தால்தான். அந்த நேரத்தைத் தன் விருப்பப்படி கொடுத்தவரும் அம்மாதான்.

சென்ற நவம்பரில் அம்மாவிடம் கேட்டேன்: “தம்பிகிட்டப் பேச உனக்கு எந்த நேரம் தோது?” யோசிக்கவே இல்லை. “ஞாயித்துக்கிழமை காலையில ஏழரை. அடுப்பு வேலை முடிஞ்சிருக்கும்.” நியூஜெர்சியில் அப்போது சனி இரவு 9 மணி. தம்பியிடம் சொன்னேன். “முன்னாடியே சொல்லியிருந்தா மாத்தியிருப்பேனேக்கா” என்றான். அவன் நல்லவன்தான். கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியதில்லை. சொல்லலாம் என்று அம்மாவுக்கும் தோன்றியதில்லை.

கடல் கடந்தவர்கள் உள்ள வீடுகளில் இப்போது என் மாணவிகளிடம் ஒன்று விசாரிக்கச் சொல்கிறேன்: போன் வரும் நேரத்தைக் குறித்தது யார், அந்த நேரத்தில் விழித்திருப்பது யார்?