தந்திகள் காக்கும் நினைவு

மேற்கு ஆபிரிக்காவின் மாண்டே மக்களிடையே ‘ஜெலி’ எனப்படும் பாணர் குலத்தினர் வாழ்கின்றனர். பிரெஞ்சு மொழி வழியாக உலகம் இவர்களைக் ‘கிறியோ’ என அறியும். 13ஆம் நூற்றாண்டில் மாலிப் பேரரசை நிறுவிய சுந்தியாத்தாவின் வரலாற்றை ஏட்டிலன்றி நாவிலே காத்துவந்தவர்கள் இவர்களே. அரசரின் குலமுறை கிளத்தலும், புகழ் பாடுதலும், பிணக்குத் தீர்த்தலும் இவர்தம் கடமைகள். புரந்த அரசர்கள் மறைந்தபின்னர் இக்கடமைகளுக்கு எஞ்சிய பொருள் யாது? செல்வரைப் புகழ்ந்து பரிசில் பெறுவது மட்டுந்தானா? இவர்களின் இசையைக் கேட்குந்தோறும் இவ்வினா என் உள்ளத்தில் எழுவதுண்டு.

விடை தேடுமிடத்து ஒரு குடும்பம் என் நினைவுக்கு வருகின்றது. பெரிய சுரைக்குடுக்கையின் பாதியைத் தோலாற் போர்த்து, 21 தந்திகள் பூட்டிய வாத்தியம் கோறா. அதில் வல்லவரான சிடிக்கி டியாபாத்தே, 1970இல் வெளியான ‘முற்காலத் தந்திகள்’ என்னும் இசைத்தட்டில் ஏனைய கலைஞருடன் வாசித்தார். அவர் மகன் தூமானி, அவ்விசைத்தட்டில் வாசித்த மற்றொருவரின் மகனான பல்லாக்கே சிசோக்கோவுடன் சேர்ந்து 1999இல் வெளியிட்ட இசைத்தட்டின் பெயர் ‘புதிய முற்காலத் தந்திகள்’. முரண்போலத் தோன்றும் இப்பெயர் மரபின் இயல்பையே உணர்த்துவதாக எனக்குப் படுகின்றது.

தூமானி ஸ்பானிய பிளமெங்கோ கலைஞருடனும் அமெரிக்க ஜாஸ் கலைஞருடனும் இணைந்து இசைத்தவர். இத்தகைய கலப்பினால் மரபு தேய்ந்துவிடாதா என ஐயுறுவோர் இருத்தல் கூடும். அவ்வையத்துக்குரிய விடையை, அவர் தம் மகன் சிடிக்கியுடன் 2014இல் வெளியிட்ட இசைத்தட்டிற் காண்கின்றேன். பாட்டனாரின் பெயரைத் தாங்கிய இம்மகன் ராப் இசையிலும் பெயர்பெற்றவர். அதற்கு முந்திய ஆண்டு ஒக்ரோபரில், ஐரோப்பாவை நாடிச் சென்ற 300க்கும் மேற்பட்ட ஆபிரிக்கர், இத்தாலியின் லம்பெதூசாத் தீவருகே படகு மூழ்கி மாண்டனர். அவர்களை நினைந்து தந்தையும் மகனும் இசைத்த உருப்படிக்கு அத்தீவின் பெயரே இடப்பட்டது.

மன்னரின் முன்னோரைப் பெயர்சொல்லி நினைவூட்டிய குலம், தம்மைப் பாடுவிக்கப் பொருளோ பதவியோ இல்லாத ஏழைகளை நினைவுகூர்கின்றது. கிறியோவின் மரபு பழைய மெட்டுகளில் மட்டும் தங்கியதன்று. மறக்கப்படுவோரை மறக்கவிடாத பொறுப்பிலும் தங்கியது என்பதே என் துணிபு. தூமானி 2024 ஜூலையில் மறைந்தார். அவர் ஏற்றிருந்த பொறுப்பு அவர் மகனிடமும் அக்குலத்தின் ஏனைய இளங்கலைஞரிடமும் இன்று வந்து சேர்ந்துள்ளது.