சேர்ந்து உழைக்கக் கற்றல்

காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையை ஒருவர் தனித்து நெய்தல் அரிது. உடலும் கரையும் வெவ்வேறு நிறமாதலால், நெய்பவர்க்கு அருகில் மற்றொருவர் அமர்ந்து கரையின் நாடாவைச் செலுத்துவார். தறியோசையில் வளர்ந்த எனக்கு, மருத்துவச்சி மாணவிகளைப் பயிற்றும் பணியில் இவ்வழக்கமே துணையாயிற்று.

சென்னையில் மருத்துவச்சிப் பயிற்சிப் பள்ளிக்கு அரசாங்கம் 1854-ஆம் ஆண்டிலேயே அனுமதி அளித்தது. கைத்திறனைக் கற்பிக்கும் நாம், சேர்ந்து உழைக்கும் திறன் தானே வருமென்றிருக்கின்றோம். பிரசவித்தவளுக்கு இரத்தம் பெருகுமாயின் சில நாழிகைக்குள் உயிர் போகும். ஒருத்தி கருப்பையைப் பிசைய, ஒருத்தி மருந்திட, ஒருத்தி இரத்தத்தை அளக்க வேண்டும். ஆப்பிரிக்காவின் நான்கு நாடுகளில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வொன்றில், இரத்தத்தை அளந்து சிகிச்சைகளை உடனே ஒருங்கு செய்தமையால், கொடிய விளைவுகள் நூற்றுக்கு 60 பங்கு குறைந்தன.

ஆதலின், பொம்மையைக் கிடத்திச் செந்நீர்த் துணி வைத்து ஒத்திகை நடத்துகிறேன். 'ஆக்ஸிடோசின் 10 அலகு' என்று ஒருத்தி பெயர் சொல்லிப் பணிப்பாள். கேட்டவள் அதையே திருப்பிச் சொல்லி, ஊசியிட்டபின் 'கொடுத்தாயிற்று' என்பாள்.

இதனினும் கடினமான பாடம் ஒன்றுண்டு. துணி நனைவதைக் கண்டும் இளையவள் மூத்த தாதியின்முன் வாய் திறவாது நிற்பாள். வீட்டில் அழகாகும் அவ்வடக்கம், பிரசவ அறையில் ஆபத்தாகும். 'அக்கா, இரத்தம் மிகுதியாகப் போகிறது' என்று அவள் உரக்கச் சொல்லும்வரை ஒத்திகையை முடிக்கவிடேன். அதனைச் சினவாது கேட்டல் மூத்தவளுக்குரிய பாடம்.

மாணவ நண்பர்களே! நீங்கள் எத்தொழிலில் தலைமை ஏற்பினும், உங்களுக்கு இளையவர் அஞ்சாது பேச இடந்தருவீர்களாக.