ஒயிட்ஃபீல்டில் இறங்குகிறவர்கள்

ஒயிட்ஃபீல்டில் ஊருக்கு முன்பே தண்டவாளம் வந்துவிட்டது. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கண்டோன்மென்ட்டுக்கு ரயில் ஓடத் தொடங்கியது 1864-இல். ஆங்கிலோ இந்தியர்கள் குடியேறிப் பயிர் செய்ய மைசூர் மகாராஜா சாமராஜேந்திர உடையார் 3,900 ஏக்கர் கொடுத்தது 1882-இல். அவர்கள் சங்கத்தை உண்டாக்கிய டி. எஸ். ஒயிட்டின் பெயரே ஊருக்கு நிலைத்தது. ஸ்டேஷன் இருப்பதோ காடுகோடியில். அந்த நாளில் பெயர்ப்பலகையை நம்பி இறங்கியவர்கள் ஊருக்குள் போக ஜட்காவைத் தேட வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் நடக்க வேண்டியிருந்தது.

எழுபதுகளில் எங்களுக்கு ரயில் என்றால் மேற்கே போவதுதான். செருப்பு வாங்க, சினிமா பார்க்க, பல் பிடுங்க, எல்லாவற்றுக்கும் கண்டோன்மென்ட்டில் இறங்கி சிவாஜி நகர். அப்பாவிடம் சீசன் டிக்கெட். எங்களுக்குக் கெட்டி அட்டை டிக்கெட். தேதி குத்தும் 'டக்' சத்தத்துக்காகவே ஜன்னலோரம் நிற்போம். ரஸ்ஸல் மார்க்கெட்டுக்குப் போகும் கீரைக்கட்டுகளும் எங்களோடு ஏறும். கிழக்கிலிருந்து வரும் வண்டியில் கோலார் தங்கவயல்காரர்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பார்கள். ஒயிட்ஃபீல்டில் அவர்கள் இறங்கிப் பார்த்ததில்லை. இறங்கி என்ன செய்வது? சத்ய சாயிபாபா தன் பிருந்தாவன ஆசிரமத்தில் தங்கும் நாட்களில் மட்டும் பிளாட்பாரம் கொள்ளாது.

டொராண்டோவிலேயே தலை நரைத்துப்போன பிறகு, இந்த முறை காலை வேளையில் அங்கே போய் நின்றேன். தங்கவயலின் மாரிக்குப்பத்திலிருந்து வண்டி வந்தது. கூட்டம் கூட்டமாக இறங்கினார்கள்: கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் பிள்ளைகள், செக்யூரிட்டி சீருடைக்காரர்கள், டிபன் பையோடு ஹவுஸ்கீப்பிங் பெண்கள். ஒலிபெருக்கி கன்னடத்திலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் அறிவிக்க, காதில் விழுந்த பேச்செல்லாம் தங்கவயல் தமிழ்.

பவுரிங்பேட்டையிலிருந்து (இன்றைய பங்காரப்பேட்டை) மாரிக்குப்பத்துக்குக் கிளைப்பாதையை 1894-இல் போட்டது தங்கச் சுரங்கங்களுக்காக. வட ஆற்காட்டிலிருந்து வந்த குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பூமிக்குள் இறங்கின. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதற்குள் ஒயிட்ஃபீல்டில் ஐ.டி.பி.எல். மென்பொருள் வளாகம் எழுந்துவிட்டது. அங்கே வேலை போனது, இங்கே வேலை வந்தது. நடுவில் இருந்தது இந்த ரயில் ஒன்றுதான். பத்திரிகைகள் 2023-இல் வந்த மெட்ரோவைக் கொண்டாடின. கொண்டாடட்டும். ஆனால் இந்த வேலைப்பேட்டையை வெகுநாளாகத் தாங்கியது மாரிக்குப்பத்து வண்டியின் சீசன் டிக்கெட் என்பது என் கட்சி.

இறங்கிய பெண் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "மாரிக்குப்பத்துல ஏறுனாத்தான் சார் சீட்டு. பங்காரப்பேட்டைல ஏறுறவங்க நின்னுக்கிட்டேதான் வரணும்" என்றார். கண்டோன்மென்ட்டுக்கும் ஒயிட்ஃபீல்டுக்கும் நடுவே இரட்டைப் பாதையை நாலாக்கும் வேலை நடக்கிறதே என்றேன்.

"அது இந்தாண்டை சார். நாங்க வர்றது அந்தாண்டையில இருந்துல்ல?" என்றவர், ஷேர் ஆட்டோவில் இடம் பிடிக்க ஓடினார்.