சாயம் நல்லா ஏறியிருக்கு

இத்தாலிக்காரன் எடுத்த பேய்ப்படம் பிடிக்கும்னு ஆபீஸ்ல சொன்னா எல்லாரும் ஒரு மாதிரியா பாக்கறாங்க. "ஆளைப் பாத்தா பச்சப்புள்ள மாதிரி இருக்க, உனக்கு ஏன்யா இந்த ரசனை"ங்கறாங்க. அதான் ஆணி பிடுங்கற வேலைக்கு நடுவுல உக்காந்து விளக்கம் எழுதிட்டிருக்கேன் மக்களே.

முதல்ல மரியோ பாவா. 1960ல வந்த 'பிளாக் சண்டே'ல, முள்ளு வச்ச முகமூடியை ஒரு சூனியக்காரி மூஞ்சில வச்சு சம்மட்டியால அடிப்பாங்க. படத்தோட ஆரம்பமே அதான். அடுத்தது டாரியோ அர்ஜென்டோ. அவர் படத்துல கொலைகாரனோட கறுப்பு கையுறை மட்டும் தெரியும். பல ஷாட்ல அதுக்குள்ள இருக்கறது டைரக்டரோட சொந்தக் கை! மூணாவது, லூசியோ ஃபுல்சி. காமெடிப் படமா எடுத்துத் தள்ளிட்டு இந்தப் பக்கம் வந்தவர். அவரோட 'ஜாம்பி 2' (1979) படத்துல கடலுக்கடியில ஒரு பிணமும் சுறாவும் கட்டிப் புரண்டு சண்டை போடும். பயப்படறதா சிரிக்கறதான்னே தெரியாது. எனக்குப் பிடிச்சதே அந்தக் குழப்பம்தான்.

ஒருநாள் வீட்ல அர்ஜென்டோவோட 'சஸ்பீரியா' (1977) ஓடிட்டிருந்தது. கண்ணாடிக் கூரை உடைஞ்சு ஒரு பொண்ணு தொங்கற சீன். முப்பது வருஷம் தறியில உக்காந்த எங்கப்பா பின்னாடி வந்து நின்னார். திட்டு விழப்போவுதுன்னு நெனச்சேன். "டேய், அரக்கு என்னமா ஏறியிருக்குடா!"ன்னார்.

அவர் கண்ணு தப்பல. அந்தப் படத்துக்கு டெக்னிகலர் முறையில பிரிண்ட் போட்டாங்க. மஞ்சள், மெஜந்தா, சையான்னு மூணு சாயத்தையும் ஒண்ணு மேல ஒண்ணா ஃபிலிம்ல ஒத்தி எடுக்கற வித்தை அது. விளக்கிச் சொன்னேன். "அப்போ சாயக்காரன் வேலைதான்"னுட்டு காபி குடிக்கப் போயிட்டார். அவருக்கு அது ரத்தமாவே தெரியல. சாயம், அவ்வளவுதான்.

அம்மாவுக்குத்தான் கவலை. "பொண்ணு பாக்கப் போற வயசுல இதென்னடா கண்றாவி"ன்னு. ஆனா சின்ன வயசுல என்னைக் கையப் பிடிச்சு திரௌபதி அம்மன் கோயில் படுகளத்துக்குக் கூட்டிட்டுப் போனதே அவங்கதான். எங்க காஞ்சிபுரம் பக்கத்துல பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். கட்டியக்காரன் அடிக்கற நக்கலுக்கு ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கும். விடிஞ்சா, மைதானத்துல மண்ணால செஞ்ச பிரம்மாண்டமான துரியோதனன் மல்லாந்து கிடப்பான். பீமன் வந்து தொடையில அடிப்பான். செவப்பா பீறிட்டு வரும். அதைத் தொட்டுத்தான் திரௌபதி கூந்தல் முடியணும். எதிர்ல நின்ன பாட்டிங்க யாரும் மூஞ்சியத் திருப்பினதா எனக்கு ஞாபகம் இல்ல. கும்பிட்டாங்க. இந்தக் கட்டைக்கூத்துக்காகவே 1990ல சங்கம் வச்சு, 2002ல புஞ்சரசந்தாங்கல்ல குருகுலமும் ஆரம்பிச்சாங்க.

சரி, ரத்தம்னா எனக்குக் கொண்டாட்டமா? அதான் இல்ல. ரெண்டு வருஷம் முன்னாடி பெங்களூரு ரோட்ல ஒரு விபத்து. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் அடிபட்டவர் தலையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். நிஜ ரத்தம் அர்ஜென்டோ படத்துல வர்ற மாதிரி பளிச்னு இருக்காது. சீக்கிரமே கறுத்துடும், வாடை வேற. ஒரு மாசம் சரியா தூக்கமில்ல. அந்த மாசத்துலதான் என் ரசனையக் கிண்டல் பண்ற அதே நண்பர்கள் வாட்ஸப் குரூப்ல ஆக்சிடெண்ட் வீடியோ ஃபார்வேர்ட் பண்ணிட்டிருந்தாங்க, "பாவம்"னு ஒரு அழுமூஞ்சி பொம்மையோட. குரூப்ப விட்டு வெளிய வந்துட்டேன்.

இத்தாலிக்காரன்லயும் இந்தக் கோட்டைத் தாண்டினவங்க உண்டு. 'கன்னிபல் ஹோலோகாஸ்ட்' (1980) படத்துக்காக நிஜமாவே விலங்குகளைக் கொன்னாங்க. நடிச்சவங்களையும் கொன்னுட்டாரோன்னு டைரக்டர் மேல கேஸ் போட, அவங்க உயிரோடதான் இருக்காங்கன்னு காட்ட வேண்டியதாச்சு. அந்தப் படம் என் லிஸ்ட்ல கிடையாது.

அதனால என் கணக்கு சிம்பிள். அடிபட்டவன் எழுந்து, வேஷம் கலைச்சு, டீ குடிக்கப் போவான்னு தெரிஞ்சா நான் கடைசிவரைக்கும் உக்காந்து பாப்பேன். எழுந்திரிக்க மாட்டான்னு தெரிஞ்சா, அதைப் பாக்கறது எனக்கு ரசனை இல்ல. அங்க போன் கையில இருந்தா 108க்கு அடிக்கணும், அவ்ளோதான்.