யாருக்கு அரிது?

பிரசவத்துக்குப் பிறகு வரும் காய்ச்சலின் காரணங்களைப் பட்டியல் போடுகிறவர்கள், கடைசியில்தான் 'அரிதாக ஒட்டுண்ணித் தொற்று' என்று எழுதுகிறார்கள். அந்த வரியை என்னால் சும்மா கடந்து போக முடிவதில்லை. யாருக்கு அரிது?

காலா அசாரை எடுத்துக்கொள்வோம். கருப்புக் காய்ச்சல். மணல் ஈ கடித்துப் பரவும் ஒட்டுண்ணி நோய். மண்ணீரல் வீங்கும், ரத்தம் குறையும், உடல் இளைக்கும். சிகிச்சை இல்லையென்றால் 100க்கு 95 பேருக்கு மேல் சாவார்கள். 1903இல் இந்த ஒட்டுண்ணியைக் கண்டறிந்த இருவரில் ஒருவரான டோனவன், நம் சென்னைப் பொது மருத்துவமனையின் மருத்துவர். 1920களிலேயே கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி மருந்து கண்டுபிடித்துவிட்டார். அதற்குப் பிறகும் பல தலைமுறைகளாக பீகாரின் முசாகர் குடியிருப்புகளில் இந்த நோய் தங்கியிருந்தது. மணல் ஈ வாழ்வது ஈரமான மண்சுவர் வெடிப்பில். அந்தச் சுவருக்குள் யாரை வாழ வைத்தது சாதி என்பது நமக்குத் தெரியும்.

அங்கே பிள்ளை பெற்ற ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் முதலில் கருப்பை, தையல், மார்பு, சிறுநீர் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். அது சரிதான், அவைதான் அதிகம், வேகமாக உயிரையும் எடுக்கும். ஆனால் மருந்து கொடுத்தும் காய்ச்சல் நிற்காதபோது? வெளுத்திருக்கிறாளா, பிரசவத்தில் ரத்தம் போனது. இளைத்திருக்கிறாளா, சாப்பாடு போதவில்லை. வயிறு பெரிதா, பிள்ளை பெற்ற வயிறு. எல்லாவற்றுக்கும் பதில் தயாராக இருக்கிறது. இடது விலாவுக்குக் கீழே கை வைத்துப் பார்த்தால் மண்ணீரல் தட்டுப்படும். ஆனால் தொட்டுப் பார்க்க வேண்டுமே!

விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் சில நிமிடங்களில் சோதனை முடிவு வந்துவிடும். ஆம்போடெரிசின் மருந்தின் கொழுப்புறை வடிவத்தை ஒரே நாளில் நரம்பு வழியாக ஏற்றிச் சிகிச்சையை முடிக்கலாம்.

ஒரு ஒன்றியத்தில் ஆண்டுக்கு 10,000 பேரில் ஒருவருக்கும் குறைவாக நோய் வந்தால் 'ஒழிப்பு' என்று அரசு கணக்கிடுகிறது. நோய் பெருமளவு குறைந்தது உண்மை, அது பெரிய வேலை. ஆனால் 2 லட்சம் பேர் வாழும் ஒன்றியத்தில் 19 பேருக்கு வந்தாலும் இலக்கு எட்டியதாகிவிடும். அந்த 19 பேரும் ஒரே சேரிக்காரர்களாக இருந்தாலும் கணக்கு மாறாது. ஒன்றியத்துக்கு அரிது, அந்தச் சேரிக்கு அல்ல.

தோழர்களே, நம் ஊர்க் கட்டட வேலையிடங்களிலும் செங்கல் சூளைகளிலும் பீகார் குடும்பங்கள் இருக்கின்றன. நோய் உடலில் புகுந்து பல மாதம் கழித்தும் காய்ச்சலாக வெளிப்படும். பிள்ளை பெற்ற பெண்ணுக்குக் காய்ச்சல் என்றால் ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். மருந்துக்கு அடங்காமல் இரண்டு வாரம் தாண்டினால், அவள் சொந்த ஊர் எது, எந்த மாவட்டம் என்பதை மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். காலா அசார் சோதனை வேண்டும் என்று கேளுங்கள். பால் கொடுக்கும் தாய் என்பதையும் சொல்லுங்கள், மில்டெஃபோசின் மாத்திரை அவளுக்கு ஆகாது.