எண்ணும் எழுத்தும்

என் சித்தப்பா கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வெற்றிலைகூடப் போடாத மனிதர். அவருக்கு ஈரல் சுருங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னபோது நாங்கள் நம்பவில்லை. நெடுநாளையச் சர்க்கரை வியாதியும் கொழுப்பும்கூட ஈரலைக் கெடுக்கும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. தினமும் குடிக்க லாக்டுலோஸ் என்ற பாகு மருந்தைக் கொடுத்தார்கள். அது மலத்தை இளக்கும்.

ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டோம். "வழியில் தொல்லை; நாலு நாள் மருந்தை நிறுத்தினால் என்ன?" என்று யோசனை சொன்னவன் நான்.

திரும்பி வந்ததும் பகலெல்லாம் தூங்கினார், இரவெல்லாம் விழித்திருந்தார். ஒரு நாள் சித்தியைப் பார்த்து, "நீ யார்?" என்றார். சித்தி அழுதுவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்த நர்ஸ், குழாயைப் பனிக்கட்டியில் வைத்து உடனே அனுப்பினாள்.

"ஏன் சிஸ்டர் இவ்வளவு அவசரம்?"

"அம்மோனியா பார்க்க ஸார். தாமதித்தால் குழாய்க்குள்ளேயே கூடிவிடும். கணக்குப் பொய்யாகிவிடும்."

குடலில் உண்டாகும் அம்மோனியாவை ஈரல் யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் போகச் செய்கிறது. இந்தச் சுழற்சியை 1932-இல் கிரெப்ஸும் ஹென்ஸ்லைட்டும் ஜெர்மனியில் கண்டறிந்தார்கள். ஈரல் தளர்ந்தால் அம்மோனியா ரத்தத்தில் தங்கி மூளையைக் குழப்புகிறது. மலம் கட்டினால் இன்னும் மோசம். என் யோசனையின் பலன் அதுதான்.

முடிவு 118 என்று வந்தது. 35-க்குள் இருக்க வேண்டுமாம். நான் அந்த எண்ணையே வெறித்துக்கொண்டிருந்தேன். நர்ஸோ சித்தப்பாவின் கைகளை நீட்டி நிமிர்த்தச் சொன்னாள். மணிக்கட்டுகள் சிறகடிப்பதுபோல் விழுந்து விழுந்து எழுந்தன. பெயரை எழுதச் சொன்னாள். கரும்பலகையில் முத்து முத்தாக எழுதிய கை, கோழி கிளறியதுபோல் கிறுக்கியது.

மறுபடியும் மருந்து கொடுத்தார்கள். நாளுக்கு இரண்டு மூன்று முறை மலம் இளகிப் போயிற்று. மூன்றாம் நாள் சித்தியிடம் காபி கேட்டார். ஆனால் அன்றைய எண் 96. எனக்கு உதறல் எடுத்தது.

"எண்ணை மட்டும் பார்க்காதீர்கள் ஸார், அவரைப் பாருங்கள். எண் ஏறியும் தெளிவாக இருப்பவர்கள் உண்டு. எண் சரியாக இருந்தும் ஒருவர் குழம்பினால் வேறு காரணத்தைத் தேட வேண்டும்" என்றாள் நர்ஸ்.

இப்போது சித்தப்பா தினமும் காலையில் ஒரு நோட்டில் தேதியும் தம் பெயரும் எழுதுகிறார். அந்த எழுத்தைப் பார்த்த பிறகுதான் சித்தி அடுப்பைப் பற்றவைக்கிறாள். ஊருக்குப் புறப்பட்டால் பெட்டியில் முதலில் ஏறுவது அந்த மருந்துப் புட்டி. அதை எடுத்து வைப்பவன் நான்தான்.