உடைந்தும் பிரியாத கண்ணாடி

மலேசியாவின் போர்ட் டிக்சனிலிருந்து தெலுக் கெமாங்கை நோக்கிக் கடலோரமாகவே செல்லும் சாலையில் சி ரூசாவைக் கடந்து போகிறவர்கள் விடுதிகளின் பெயர்ப்பலகைகளைப் பார்ப்பார்களேயன்றி, அவற்றுக்குப் பின்னால் ஒதுங்கிக் கிடக்கும் தாமான் என்னும் குடியிருப்புகளிலுள்ள வீடுகளின் இரும்புக் கிரில்களைப் பார்ப்பதில்லை. நான் பார்க்கப் போனது அந்தக் கிரில்களுக்கு உள்ளே நிற்கும் கண்ணாடியையும், அதை வெட்டிப் பொருத்துகிற தொழிலாளரையும்.

ரப்பர் மரங்களுக்கு நடுவே லயத்து வீடுகளில் வாழ்ந்த தலைமுறைக்குக் கண்ணாடிச் சன்னல் என்பதே அபூர்வமான விஷயம். பலகைச் சன்னலைச் சாத்திக் குறுக்குக் கட்டையைப் போட்டால் இரவுக்குரிய பந்தோபஸ்து முடிந்தது. ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும்படியிருந்த ஒற்றைப் பலகைத் தடுப்பே பாதிக் காவல். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டங்கள் கைமாறி, ஜனங்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தபோது, கண்ணாடி ஏடுகளை வரிசையாக அடுக்கிய நாக்கோ சன்னல்கள் அவர்களுக்கு வாய்த்தன. காற்றுக்கு அவை மிகவும் அநுகூலம், திருடனுக்கும் அப்படியே. ஏட்டைப் பிடித்திருக்கும் தகரக் கவ்வியை நெம்பிவிட்டால், சுவடியிலிருந்து ஓலையை உருவுவதுபோல ஓசையின்றி ஒவ்வொன்றாக உருவி வெளியே அடுக்கி வைத்துவிடலாம். அதன் விளைவாகக் கிரில்கள் வந்தன. கடலின் உப்புக்காற்று அவற்றை அடியிலிருந்து அரிக்கத் தொடங்கிய பிறகு, கண்ணாடியே காவலாக இருக்கக்கூடாதா என்ற கேள்வியும் வந்தது.

நான் சென்ற பட்டறையின் உரிமையாளர் ஒரு சீனத் தவுக்கே. கம்பளி விரித்த பெரிய மேசைமேல் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தவரோ தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தமிழர். அங்கே எல்லாருக்கும் அவர் ‘அண்ணே’. மண்ணெண்ணெயில் தோய்த்த சிறு சக்கரக் கத்தியை மட்டக்கோலை ஒட்டி ஒரே இழுப்பாக அவர் இழுக்கும்போது எழும் சீரான சீறலைக் கொண்டே கோடு சரியாக விழுந்ததா என்பதை நிச்சயித்துவிடுகிறார். விழுந்த கோட்டின்மேல் மறுபடி கத்தியை ஓட்டுவது இத்தொழிலில் மகாபாவம். கத்தியும் கெடும், கண்ணாடியும் வேண்டாத திசையில் பிளக்கும்.

அச்சமயம், பால்மரம் வெட்டி ஓய்வுபெற்ற ஒரு மூதாட்டி தம் மகனுடன் வந்து, “தம்பி, பின்கதவுக்கு நல்லாக் கெட்டியான டெம்பர்டு கண்ணாடியாப் போட்டுக் கொடுப்பா” என்றார். “கெட்டி வேறம்மா, காவல் வேற. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, காட்டுறேன்” என்று சொல்லி, கழிவுக் குவியலிலிருந்து டெம்பர்டு துண்டொன்றை எடுத்துப் பழைய சாக்கின்மேல் கிடத்தி, கண்ணுக்குக் கவசமணிந்து, அதன் நடுவில் சுத்தியலால் ஓங்கித் தட்டினார். சுத்தியல் துள்ளியது, கண்ணாடிக்கு ஒன்றும் நேரவில்லை. பிறகு கூரிய உளிமுனை ஒன்றை ஓரத்தில் வைத்து இலேசாகத் தட்டியதுதான் தாமதம், முழுத் துண்டும் கற்கண்டுப் பொடியாகச் சாக்கில் கொட்டியது.

இதன் காரணம் அதன் பிறப்பிலேயே உள்ளது. சாதாரணக் கண்ணாடியை 600 டிகிரி செல்சியஸுக்கும் மேலே சூடேற்றிச் சட்டென்று காற்றைப் பாய்ச்சிக் குளிரவைக்கும்போது மேற்பரப்பு முதலில் இறுகிவிடுகிறது. பின்னர்க் குளிரும் உட்பகுதி அதை உள்நோக்கி இழுத்துக்கொண்டே நிற்கிறது. இந்த இழுபறியால் அதற்கு நாலைந்து மடங்கு பலம் கிடைக்கிறது; இழுபறி எங்கேனும் ஓரிடத்தில் அறுந்தால் சர்வமும் ஒரே கணத்தில் நொறுங்குகிறது. ஆகவேதான் டெம்பர்டு கண்ணாடியைப் பிறகு வெட்டவோ துளையிடவோ இயலாது. அளவெடுத்து, வெட்டி, துளையிட்டு முடித்த பின்பே அது சூளைக்குப் போகிறது. குளியலறையில் வழுக்கி அதன்மேல் விழுந்தாலும் வாள்போன்ற சில்லுகள் உடம்பைக் கிழிக்காதாகையால் அங்கே அது உத்தமம். திருடனுக்கு முன்னால் மட்டும் அது ஒரு கூர்முனைத் தட்டுக்குத் தாங்காது.

இரண்டாவதாக அவர் வைத்தது ஒட்டுக்கண்ணாடி, அதாவது லேமினேட்டட். அதைத் தட்டினார், நட்சத்திரம்போல் விரிசல் பரவியது. மறுபடி தட்டினார், விரிசல்கள் பெருகினவேயன்றித் துளை விழவில்லை. இரண்டு தகடுகளுக்கு நடுவே பி.வி.பி. என்னும் மெல்லிய படலமொன்று இருந்து, உடைந்த சில்லுகளையெல்லாம் விடாமல் பற்றிக்கொள்கிறது. பிரெஞ்சு இரசாயன சாஸ்திரி எதுவார் பெனடிக்டஸ் 1903-இல் தவறவிட்ட குடுவையொன்று, உட்புறம் காய்ந்திருந்த செல்லுலோஸ் நைட்ரேட் பூச்சின் காரணமாக விரிசல் கண்டும் சிதறாமல் கிடந்ததிலிருந்து இந்த யுக்தி பிறந்ததாகச் சொல்வார்கள். 1909-இல் அவர் காப்புரிமை பெற்றார். மோட்டார் காரின் முன்கண்ணாடி இந்த ஜாதி. பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் டெம்பர்டு. விபத்தான காரைப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் பிரத்தியட்சமாகத் தெரிந்திருக்கும்.

இதை வெட்டுவதில்தான் அண்ணனின் சாமர்த்தியம் முழுவதும் வெளிப்பட்டது. மேற்புறம் ஒரு கோடு, கண்ணாடியைப் புரட்டிக் கீழ்ப்புறம் நேர் எதிரே இன்னொரு கோடு. இரண்டும் மயிரிழை பிசகக்கூடாது. இருபுறமும் பிளந்த பின்னரும் நடுப்படலம் விடாது. அந்த இடுக்கில் ஸ்பிரிட்டைச் சொட்டு சொட்டாக விட்டுத் தீ வைத்தார். நீலச்சுடர் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடி அணைந்தது. சூட்டில் இளகிய படலத்தைச் சவரத்தகட்டால் அறுத்துத் துண்டைப் பிரித்தார்.

வாங்குகிறவர்கள் கண்ணாடியின் கனத்தையே விசாரிக்கிறார்கள். விசாரிக்கவேண்டியது படலத்தின் கனத்தை. கடையில் 6.38 என்று சொன்னால் மூன்று மில்லிமீட்டர்த் தகடுகள் இரண்டும் 0.38 மில்லிமீட்டர்ப் படலமும் என்று பொருள். அது சில்லு சிதறாமல் காக்கும். திருடனைத் தாமதப்படுத்த 0.76 அல்லது 1.52 வேண்டும். இ.என். 356 என்னும் ஐரோப்பியப் பரீட்சையில் 4.11 கிலோ எஃகு உருண்டையை ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தொடங்கி, மேல்வகுப்புகளுக்கு ஒன்பது மீட்டரிலிருந்து போடுகிறார்கள். அதற்கும் மேலே கோடரி. சி ரூசா வீட்டின் பின்கதவுக்குக் கோடரி வகுப்பு அநாவசியம் என்பது என் அபிப்பிராயம். படலத்தின் கோடு தெரிகிறதா என்று ஓரத்தைப் பார்த்து வாங்கினால் போதும்.

கண்ணாடி எவ்வளவு உயர்ந்ததாயினும் சட்டம் உளுத்திருந்தால் வியர்த்தமே. கண்ணாடியைத் தாங்கும் குச்சிகள் வெளிப்புறம் இருந்தால் திருடன் அவற்றைக் கழற்றி முழுத் தகட்டையும் சேதமின்றி எடுத்துச் செல்வான். சிலிக்கோனிலும் பேதம் உண்டு. மூடியைத் திறந்ததும் காடி வாசனை அடிப்பது பி.வி.பி.யை ஓரத்திலிருந்து கெடுக்கும்; கடற்காற்றின் ஈரமும் சேர்ந்தால் விளிம்பெல்லாம் பால்போல் வெளிறிப் பிரிந்துவிடும். வாசனையற்ற வகையைத்தான் அண்ணன் கையாளுகிறார்.

“அப்ப எல்லாச் சன்னலுக்கும் இதையே போட்டுட்டா?” என்றார் மகன். அண்ணன் உடனே தடுத்தார். பூட்டிய கிரிலுக்குள் சிக்கிக்கொண்டு தீயில் உயிரிழந்தவர்களின் செய்தி இந்த நாட்டுப் பத்திரிகைகளுக்குப் புதிதல்ல. பொம்பாக்காரர்கள், அதாவது தீயணைப்புப் படையினர், அதைப்பற்றி ஓயாமல் எச்சரிக்கிறார்கள். ஒட்டுக்கண்ணாடி திருடனுக்கு உடைய மறுப்பதுபோலவே உள்ளேயிருந்து தப்பிக்க முயல்கிறவனுக்கும் உடைய மறுக்கும். ஆதலால் படுக்கையறையில் ஒரு சன்னலாவது முழுதாகத் திறக்கவேண்டும், அதன் கிரிலுக்கும் கதவு வேண்டும், சாவி குழந்தைக்கும் தெரிந்த இடத்தில் தொங்கவேண்டும் என்பது அவர் கட்சி. நாக்கோவை எடுத்துவிட்டு வெளிநோக்கித் திறக்கும் சன்னலை அங்கே வைக்கச் சொன்னார்.

விலையைக் கேட்டதும் மூதாட்டி மகனின் முகத்தைப் பார்த்தார். மகன் தரையைப் பார்த்தார். இறுதியில் பின்கதவுக்கு 0.76 படலத்தில் ஒட்டுக்கண்ணாடி, படுக்கையறைக்குத் திறக்கும் சன்னல் என்று தீர்மானமாயிற்று. “முன்னால நாய் இருக்கு, முன்பக்கத்த அடுத்த தீபாவளிக்குப் பாத்துக்கலாம்” என்று சொல்லி, முந்தானை முடிச்சை அவிழ்த்து முன்பணத்தை எண்ணிவைத்தார்.